37 வைரஸும் ஒரு கிரெடிட் கார்டும்

முன்பின் தெரியாத ஆசாமி ஒருவர் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஸார், உங்க சமையலறையில 37 பாம்பு இருக்கு. எண்ணிட்டேன். ஐயாயிரம் கொடுத்தா பிடிச்சுத் தரேன்" என்கிறார். என்ன செய்வீர்கள்? நாய் இருந்தால் அவிழ்த்து விடுவீர்கள். இல்லையென்றால் நாமே குரைத்துவிடுவோம்.

இதையே கம்ப்யூட்டர் திரையில், சிவப்பு எழுத்தில், 'டிங் டிங்' சத்தத்தோடு சொன்னால் மட்டும் பர்ஸைத் தேடுகிறோம். அது ஏன்?

போலி ஆன்டிவைரஸின் முழுக் கதையும் இதுதான். ஒரு வெப்சைட், பிரவுசருக்குள் இருந்துகொண்டே உங்கள் ஹார்ட் டிஸ்க்கைத் தடவிப் பார்த்து வைரஸ் எண்ண முடியாது. 'ஸ்கேன் நடக்கிறது' என்று ஒரு பட்டை நகருகிறதே, அது வெறும் படம். சினிமாவில் காரை நிற்க வைத்துவிட்டு, பின்னால் மரங்களை ஓட்டுவார்களே, அந்த மாதிரி. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இந்தப் படம் மேக் கம்ப்யூட்டரிலும் ஓடியது. 'உங்கள் சி டிரைவில் ஆபத்து' என்று அலறும். மேக்கில் சி டிரைவே கிடையாது! பிறகு அவர்களுக்கும் வெட்கம் வந்து, 2011-ல் 'மேக் டிஃபெண்டர்' என்று தனிச் சரக்கே தயாரித்தார்கள்.

'நான் கண்ட சைட்டுக்கெல்லாம் போகிறவனில்லை' என்று யாரும் மார் தட்ட வேண்டாம். 2009 செப்டம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையின் சைட்டிலேயே இது வந்தது. இன்டர்நெட் டெலிபோன் கம்பெனி என்ற பெயரில் விளம்பர இடம் வாங்கி, சில நாள் ஒழுங்காக இருந்துவிட்டு, பிறகு வேஷத்தைக் கலைத்தார்கள்.

* * *

என் பெரியப்பா கருவூலத் துறையில் 34 வருஷம் பில் பாஸ் பண்ணியவர். கூட்டலில் பத்து பைசா உதைத்தால் சாப்பாட்டுக்குப் போகமாட்டார். அப்பேர்ப்பட்டவரின் கம்ப்யூட்டரில் 37 வைரஸ் தாக்கியது. ஏதோ ஒரு ராசிபலன் பக்கத்தில், 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க, அனுமதி பொத்தானை அழுத்துங்கள்' என்று வந்திருக்கிறது. மனுஷர் 71 வயதில் தான் ரோபோ இல்லை என்று நிரூபித்திருக்கிறார். அன்றிலிருந்து திரையின் வலது மூலையில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு எச்சரிக்கை. மூன்றாம் நாள் ரூ.4,999 கட்டி, அவர்கள் கொடுத்த 'பாதுகாப்பு' புரோக்ராமையும் இறக்கி வைத்துவிட்டார்.

எனக்குத் தகவல் சொன்னது பெரியம்மா. அதுவும் ரகசியக் குரலில்.

"பணம் போனது உனக்குத் தெரியும்னு காட்டிக்காதேடா. கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்குன்னு பார்க்க வந்த மாதிரி வா."

வந்த மாதிரி போனேன். நான் செய்ததைச் சொல்கிறேன். கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நெட்டைப் பிடுங்குங்கள். மோடத்தை அணைத்தாலே போதும். வெளியிலிருந்து யாராவது மெஷினைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தால் அவர் கை அறுந்து போகும்.

இரண்டாவது, அந்த எச்சரிக்கையின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை நம்பாதீர்கள். அதுவும் படத்தில் வரைந்ததாக இருக்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து முடித்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது 'பழைய பக்கங்களை மீட்கவா?' என்று பவ்யமாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மூன்றாவது, பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் என்ற இடம். எந்தெந்த சைட்டுக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியல் இருக்கும். பெரியப்பா பட்டியலில் பதினோரு பெயர்கள். ஒன்றுகூட வாயில் நுழையவில்லை. எல்லாவற்றையும் நீக்கியதும், பாதி 'வைரஸ்' அந்த நிமிஷமே செத்துப் போயிற்று. பக்கத்திலேயே எக்ஸ்டென்ஷன் பட்டியலையும் பாருங்கள். நீங்கள் போடாதது எதுவும் அங்கே இருக்கக் கூடாது.

நான்காவது, உள்ளே இறக்கிய புரோக்ராம். விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்குங்கள். பிரச்னை ஆரம்பித்த தேதியில் வந்த விருந்தாளி யார் என்று பளிச்சென்று தெரியும். அன்-இன்ஸ்டால். போகமாட்டேன் என்று அடம் பிடித்தால் சேஃப் மோட்: ஷிஃப்ட்டை அமுக்கிக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் அந்த வழிக்குப் போகலாம். அங்கே விண்டோஸ் தனக்கு அத்தியாவசியமான ஆட்களை மட்டும்தான் எழுப்பும். போலிகள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். தூக்கத்தில் வெளியேற்றுவது சுலபம்.

ஐந்தாவது, அசல் வைத்தியர். விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. தனியாகக் காசில்லை. அதனால்தானோ என்னவோ யாரும் மதிப்பதில்லை. நெட்டை மறுபடி இணைத்து, டிஃபெண்டரைப் புதுப்பித்து, அதில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். மெஷின் அணைந்து எழுந்து, விண்டோஸ் விழிப்பதற்கு முன்பே சோதனை போடும். கால் மணி நேரம். ஒரு காபி.

எல்லாம் முடிந்தும் நெட் வேலை செய்யவில்லையா? பயப்படாதீர்கள். சில போலிகள் போகிற போக்கில் பிராக்ஸி செட்டிங்கை மாற்றி வைத்துவிட்டுப் போகும். அதை அணைத்தால் சரியாகிவிடும். கடைசியாக, மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை வேறொரு மெஷினிலிருந்தோ போனிலிருந்தோ மாற்றுங்கள்.

மொத்தம் ஒன்றரை மணி நேரம். மெஷின் சுத்தம். பெரியம்மா அடை வார்த்துப் போட்டாள். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

* * *

முடியவில்லை. அடையை விண்டுகொண்டே, "பெரியப்பா, கார்டை பிளாக் பண்ணியாச்சா?" என்றேன். மனுஷர் பெரியம்மாவை ஒரு முறை முறைத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "பேங்க்ல போய் என்னன்னுடா சொல்றது? ஊர் பில்லையெல்லாம் சரி பார்த்தவன் ஏமாந்துட்டேன்னா?"

போனை வாங்கிப் பார்த்தேன். முந்தின நாள் ராத்திரி இன்னொரு 4,999 போயிருந்தது.

நான் பி.காம். படித்தவன். கம்ப்யூட்டர் பாஷை பாதிதான் புரியும், கணக்கு முழுசாகப் புரியும். போலி ஆன்டிவைரஸ் என்பதை வைரஸ் என்று நினைப்பதுதான் நாம் செய்யும் தப்பு. அது ஒரு கடை. கல்லா உண்டு, கமிஷன் ஏஜென்ட் உண்டு, கஸ்டமர் கேர்கூட உண்டு.

2011-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா ஆராய்ச்சியாளர்கள் இப்படிப்பட்ட மூன்று கடைகளின் கணக்கைப் புரட்டினார்கள். மூன்றும் சேர்ந்து 13 கோடி டாலர் வசூல். அதில் ஒரு கடை மட்டும் மூன்று மாதத்தில் 84 லட்சம் கம்ப்யூட்டர்களில் நுழைந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கியவர்கள் 1.89 லட்சம் பேர். நூற்றுக்கு இரண்டு பேர்தான். மற்ற 98 பேர் விரட்டிவிட்டார்கள். அந்த இரண்டு பேர் போதும், கடை ஓஹோவென்று ஓடும்.

இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு விஷயம். சண்டை போட்டவர்களுக்கு இந்தத் திருடர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்! தர்ம சிந்தனை இல்லை. வாடிக்கையாளர் நேராகத் தன் பேங்குக்குப் போய், 'இந்தச் செலவை நான் ஏற்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தால், அந்தத் தொகை கடைக்காரன் கணக்கிலிருந்து பிடுங்கப்படும். இந்த மாதிரிப் புகார் அளவுக்கு மீறினால் கார்டு கம்பெனிகள் அந்தக் கடைக்கு வசூல் வழியையே மூடிவிடும். வழி மூடினால் கடை படுத்துவிடும். ஆகவே எவன் பேங்குக்குப் போவான் என்று தோன்றுகிறதோ, அவனுக்கு மட்டும் ரீஃபண்ட். வெட்கப்பட்டுச் சும்மா இருப்பவர் கணக்கில்தான் லாபம்.

போலீஸும் சும்மா இல்லை. 2011 ஜூனில் எஃப்.பி.ஐ. அறிவித்த ஒரு வேட்டையில், ஒரே கும்பலிடம் மாட்டியவர்கள் 9,60,000 பேர். நஷ்டம் 7.2 கோடி டாலர். பத்து லட்சம் பேருக்கு மேல் ஏமாற்றிய இன்னொரு கும்பல் மீது அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2008 டிசம்பரில் வழக்குப் போட்டு, 2012-ல் 16.3 கோடி டாலருக்குத் தீர்ப்பு வாங்கியது. பெரியப்பாவின் 34 வருஷ சர்வீஸும் இந்தப் பட்டியலில் ஒரு பத்து பைசாதான். இதைச் சொன்னதும் அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. தனியாக ஏமாறுவதுதான் அவமானம் போலிருக்கிறது. பத்து லட்சம் பேரோடு என்றால் அது ஒரு யூனியன்.

மறுநிமிஷம் பேங்குக்குப் போன் போட்டு கார்டை முடக்கினோம். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார். மறுநாள் காலை பேங்கில் மறுப்புக் கடிதம். பழைய கருவூலக் கை அல்லவா! தேதி, நேரம், தொகை, இணைப்பு 1, இணைப்பு 2 என்று பெரியப்பா எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பார்த்து அந்த கவுன்ட்டர் பையன் எழுந்து நின்றுவிட்டான். இரண்டாவது 4,999 ஏழு வாரத்தில் திரும்பி வந்தது. முதல் தொகைக்கு, 'நீங்களே ஒப்புதல் கொடுத்ததாச்சே' என்று இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரியப்பா விடுவதாக இல்லை. மூன்றாவது நினைவூட்டல் கடிதம் போயிருக்கிறது.

ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். அப்பாவின் கம்ப்யூட்டரில் அந்த நோட்டிஃபிகேஷன் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. பெயர் தெரியாத சைட்டுகள் இருந்தால் நீக்கிவிட்டு, 'பணம் ஏதாவது கட்டினீங்களாப்பா?' என்று சாதாரணமாகக் கேளுங்கள். கட்டினேன் என்றால் 'படிச்சவர்தானே நீங்க?' என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படி ஆரம்பித்தால் அடுத்த தடவை உங்களிடம் சொல்லமாட்டார்.

முதலில் பேங்குக்கு போன். திட்டுவதெல்லாம் சாவகாசமாக அப்புறம்.