பெட்டி மேல் ஒரு வரி எழுதினால் என்ன?

வாங்க வருகிறவன் பரீட்சை எழுதிப் பாஸானால்தான் சரக்கு என்கிற வியாபாரம், எனக்குத் தெரிந்து கம்ப்யூட்டர் பாகங்களில்தான் நடக்கிறது. என் தேவை சின்னது. மகள் காலேஜ் புராஜெக்டுக்குக் கோடு எழுத வேண்டும், நான் கணக்குவழக்கு பார்க்க வேண்டும், ராத்திரியில் ஒரு படம் ஓட வேண்டும். "ரெடிமேடா வாங்காதீங்கப்பா, நாமளே அசெம்பிள் பண்ணலாம். பின்னாடி ஒவ்வொண்ணா மாத்திக்கலாம்" என்றாள். நியாயமான பேச்சுதான். எந்த பிராசசர் என்று பார்க்க உட்கார்ந்ததும் தலைவலி ஆரம்பித்தது.

இன்டெலில் ஐ3, ஐ5, ஐ7 என்று ஏறுவரிசை. அதுவரை புரிகிறது. அப்புறம் தலைமுறை என்று ஒன்று. ஐ3 12100, 13100, 14100 என்று அடுத்தடுத்து மூன்று தலைமுறைகள். மூன்றிலும் அதே 4 கோர், அதே 8 த்ரெட். உச்ச வேகம் மட்டும் 4.3, 4.5, 4.7 கிகாஹெர்ட்ஸ் என்று நகர்ந்திருக்கிறது. இதற்குப் பெயரா தலைமுறை?

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கடைசி எழுத்துதான் ஆளைக் கவிழ்க்கிறது. ஐ5 12400 வாங்கினால் மானிட்டரில் படம் வரும். 12400எஃப் வாங்கினால் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு போட்டால்தான் வரும். இந்தப் பெரிய விஷயத்தை ஒரு 'எஃப்' தலையில் கட்டிவிட்டார்கள். விலை கொஞ்சம் குறைவு என்று ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் முதலில் நீட்டுவதும் அந்த எஃப்-ஐத்தான். "ஒரு 3050 போட்டுக்கலாம் சார்" என்று கூடவே யோசனை வேறு. அந்த ஆர்டிஎக்ஸ் 3050-யிலும் 8 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு. மெமரிதானே குறைவு என்று நினைப்போம். உள்ளே கோர்களே 2560-லிருந்து 2304 ஆகக் குறைந்திருக்கிறது. பெயர் மட்டும் அதே பெயர்.

சரி, ஏஎம்டி பக்கம் போவோம் என்றால் அங்கே வேறு பாடத்திட்டம். ரைசன் 5 5600ஜி-யில் கிராபிக்ஸ் உண்டு, 5600-இல் கிடையாது. 'ஜி' இருந்தால் படம் என்று மனப்பாடம் செய்துகொண்டு, 2022-இல் வந்த 7000 வரிசைக்குப் போனேன். 7600-இல் ஜி-யும் இல்லை, ஆனால் படம் உண்டு! ரைசன் 7 5700எக்ஸ், 5700 இரண்டையும் பக்கத்தில் வைத்தால், எக்ஸ் இல்லாதது கொஞ்சம் மெதுவாக ஓடும் என்றுதானே தோன்றும்? எல்3 கேச்சே 32 எம்பி-யிலிருந்து பாதியாகிவிடுகிறது. மாநகரப் பேருந்தில் நம்பரைப் பார்த்து ஏறி, அது 'கட் சர்வீஸ்' என்று பாதி வழியில் இறங்கின கதைதான். அங்கேயாவது கண்டக்டர் கத்திச் சொல்வார்.

இதற்குப் பிறகுதான் மதர்போர்டு. ஏஎம்4-க்கு வாங்கினது ஏஎம்5-இல் உட்காராது. இன்டெலின் 1700 சாக்கெட்டுக்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. இதன் ராம் அதில் நுழையாது. எல்லாம் சரியாக உட்கார்ந்தாலும் தப்பித்தோம் என்று சொல்ல முடியாது. பழைய ஸ்டாக் பி450 போர்டில் ரைசன் 5000 பிராசசரை வைத்தால், பயாஸ் பழசு என்று திரை இருட்டாகவே இருக்கும். பயாஸை அப்டேட் செய்யும் தனி வசதி போர்டில் இல்லையென்றால், அதை மாற்றுவதற்கு ஒரு பழைய பிராசசர் வேண்டும். புதுசு ஓட, பழசைக் கடன் வாங்கி வர வேண்டுமாம். யாரிடம் போய்க் கேட்பது?

ராம் விலையைப் பற்றிப் பேசினால் வயிறு எரியும். 2025 கடைசியில் ஏறிய ஏற்றம், ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதால். அந்த டிசம்பரில் மெமரி தயாரிக்கும் மைக்ரான், குரூஷியல் என்ற பெயரில் நம் மாதிரி ஆட்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் கரண்ட் தரும் எஸ்எம்பிஎஸ்-ஐ யாரும் மதிப்பதே இல்லை. "கேபினெட்டோட வருது சார்" என்று முடித்துவிடுகிறார்கள். நல்லதாகக் காட்டுங்கள் என்றால் 80 ப்ளஸ் ஸ்டிக்கரைக் காட்டுகிறார்கள். கரண்டை எவ்வளவு வீணாக்காமல் மாற்றித் தருகிறது என்பதற்கான முத்திரை அது. வோல்டேஜ் எகிறினால் மதர்போர்டைக் காப்பாற்றுமா என்பதற்கு அதில் பதில் இல்லை. எங்கள் ஏரியா கரண்டுக்கு எனக்கு அந்தப் பதில்தான் வேண்டும்.

பிராசசர் பெட்டி மேல் மின்னுகிற எழுத்தில் என்னென்னவோ போடுகிறார்கள். இதில் படம் வரும் அல்லது வராது, இந்த போர்டில்தான் உட்காரும் என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி போட்டால் கம்பெனி முழுகியா போய்விடும்?

கடைசியில் எஃப் இல்லாத 12400-தான் என்று அடம்பிடித்து நின்றேன். "பில் வேணுமா சார்? வேணும்னா ஜிஎஸ்டி 18 பர்சன்ட் சேரும்" என்றார் கடைக்காரர். பில் இல்லாமல் மூன்று வருஷ வாரண்டியை யார் தருவார்கள்? வேண்டும் என்றேன். பிராசசரின் முழுப் பெயரையும் அதில் போடுங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். பிரின்டரிலிருந்து பில் வந்தது: 'ஐ5 பிராசசர் - 1'.