பாயில் மணமக்களின் பெயர் உண்டு

பத்தமடையில் கல்யாணப் பாய் நெய்கிறார்கள். தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையை அறுத்து, காயவைத்து, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறப்போட்டு, பிறகு இழையிழையாகக் கீறி, பருத்தி நூலையோ பட்டு நூலையோ பாவாக இட்டு நெய்யப்படுகிற பாய். நயமான பாய் ஒன்று முடிய வாரங்கள் ஆகும். மிக நயமானது மாதங்களையும் விழுங்கும். கேட்டுக்கொண்டால் மணமகன், மணமகள் பெயர்களைப் பாயிலேயே எழுத்தாக நெய்து தருவார்கள். ஊர்ப்பெயரைக் கடைக்காரர் சொல்லி விற்பார். ஆக, அந்தப் பாயோடு சம்பந்தப்பட்டவர்களில் பெயரில்லாமல் போகிறவர் ஒருவர்தான்: அதை நெய்தவர். பெரும்பாலும் ஒரு பெண்.

இதை இங்கே எழுத ஒரு காரணம் உண்டு. கிராமத்துச் சிறுதொழில்களைப் பற்றிப் பேச வருகிற எல்லோரும் இப்போது ஒரே அறிவுரையைத்தான் தருகிறார்கள்: உன்னையே ஒரு பிராண்டாக ஆக்கிக்கொள். கைப்பேசியை எடு, முகத்தைக் காட்டு, கதையைச் சொல், பின்தொடர்வோரைச் சேர். 1997-இல் டாம் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க நிர்வாக எழுத்தாளர் 'ஃபாஸ்ட் கம்பெனி' இதழில் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து பரவலான சிந்தனை இது. அவர் மனத்தில் இருந்தவர்கள் பெரிய நிறுவனங்களில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, அடுத்த ஆட்குறைப்பில் தம் பெயர் இருக்குமோ என்று அஞ்சிய அமெரிக்க அலுவலர்கள். அவர்களுக்குச் சொன்ன மருந்து கால் நூற்றாண்டில் கடல் கடந்து, பாய் முடைபவருக்கும் முறுக்குச் சுற்றுபவருக்கும் அதே அளவில் புகட்டப்படுகிறது.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இதைக் கேட்டதும் முகம் சுளிப்பது எளிது. சந்தை மொழி, சுயவிளம்பரம், நுகர்வுக் கலாச்சாரம் என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் முந்நூறு பிரதி அச்சடிக்கும் கவிதைத் தொகுப்பின் அட்டையில்கூடத் தம் பெயர் எந்த எழுத்துருவில் வரவேண்டும் என்று அச்சகத்தில் நின்று சண்டை போடுகிற சமூகம் நம்முடையது. பெயர் வேண்டும் என்ற ஆசையைப் பாய் நெய்பவரிடம் மட்டும் இழிவாகப் பார்க்க நமக்கு உரிமை கிடையாது. எனவே கேள்வியை வேறு விதமாகக் கேட்க வேண்டியிருக்கிறது: நம் மண்ணில் ஒரு மனிதருக்குப் பெயர் எப்படி ஏற்பட்டது? யாருக்கு ஏற்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது?

நாதஸ்வரக் கலைஞர்களின் பெயர்களைச் சற்றே நினைத்துப் பாருங்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. திருவெண்காடு சுப்பிரமணிய பிள்ளை. காருகுறிச்சி அருணாசலம். முன்னால் ஊர், பின்னால் ஆள். ஊரால் ஆளுக்கு ஓர் அடையாளம். ஆளால் ஊருக்கு ஒரு கௌரவம். காருகுறிச்சியின் பெயரைத் தமிழகத்தின் மறுகோடியில் இருப்பவர்கூடத் தெரிந்து வைத்திருப்பதற்கு 1964-இல் மறைந்த அந்த ஒரு மனிதரின் மூச்சுதான் காரணம். இலக்கியத்திலும் அப்படியே. தஞ்சை ப்ரகாஷ், நாஞ்சில் நாடன் என்று ஊரையும் நாட்டையும் முன்னால் சூடிக்கொண்டவர்கள் நம்மிடையே உண்டு. கி. ராஜநாராயணன் பெயரில் ஊரைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்றாலும் இடைசெவலைக் கண்ணால் பார்த்திராத ஆயிரக்கணக்கானோருக்கு அவ்வூரின் தெருக்கள் அத்துப்படி. (அதே இடைசெவலில் கு. அழகிரிசாமியும் பிறந்தார் என்பது அந்த ஊருக்குக் கிடைத்த கொசுறு. கோவில்பட்டிக்காரர்கள் பொறாமைப்பட்டால் தவறில்லை.) டாம் பீட்டர்ஸ் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம்மிடம் இருந்த 'பிராண்ட்' இது. தானே சூடிக்கொண்ட புனைபெயர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கேட்டவர்களும் அனுபவித்தவர்களும் வாய் வழியாக உண்டாக்கிய பெயர் அது.

ஆனால் இந்தப் பெயர் எல்லாக் கைகளுக்கும் கிடைக்கவில்லை. ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) வாசித்த வாத்தியம் எங்கிருந்து வந்தது? ஆடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை என்றொரு சிற்றூர். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் வயதேறிய ஆச்சா மரத்தைத் தேடி வாங்கி, கடைந்து, துளையிட்டு நாதஸ்வரம் செய்யும் சில குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. குட்டையான திமிரி நாயனத்தின் இடத்தில் நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாயனம் நிலைபெற்றதில் ராஜரத்தினம் பிள்ளைக்கு இருந்த பங்கைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அவருக்காக அதை உருவாக்கியவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. அவருடைய பெயராவது நமக்கு எஞ்சியிருக்கிறது. அவருக்கு முன்னும் பின்னும் அதே பட்டறைகளில் உளியைப் பிடித்தவர்களின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் சொல்ல முடியும்?

காருகுறிச்சிக்கே போவோம். அது மண்பாண்டத்துக்கும் பெயர்போன ஊர். நாதஸ்வரக்காரரை ஊர்ப்பெயரும் சொந்தப்பெயரும் சேர்த்து நாம் நினைவில் வைத்திருக்கிறோம். பானை வனைந்தவரை ஊர் எப்படி அழைத்தது? "வேளாரைக் கூப்பிடு." நரசிங்கம்பேட்டையில் "ஆசாரியைக் கூப்பிடு." இவை மரியாதைக் குறைவாகச் சொல்லப்பட்டவை என்று நாம் கூறவரவில்லை, பல நேரங்களில் மரியாதையாகவே சொல்லப்பட்டன. ஆனால் அவை ஆளின் பெயர்கள் அல்ல. அப்பனுக்கும் அதே பெயர், பிள்ளைக்கும் அதே பெயர். ஒருவரின் கைத்திறன் அவருடைய சாதியின் இயல்பாக எண்ணப்பட்டதே தவிர, அவருடைய உழைப்பாலும் யோசனையாலும் விளைந்ததாக எண்ணப்படவில்லை. கிராமத்தில் கைவினைஞருக்குப் பெயர் வேண்டும் என்பதில் வியாபாரத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று பிணையமாக இருப்பது இங்கேதான். பழைய கிராமப் பொருளாதாரத்தை ஏக்கத்தோடு எழுதும் நண்பர்கள் இந்த இடத்தைச் சற்று வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

இனி புவிசார் குறியீட்டுக்கு வருவோம். 1999-இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. பத்தமடைப் பாய், திண்டுக்கல் பூட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம், மணப்பாறை முறுக்கு என்று பட்டியல் ஆண்டுதோறும் நீள்கிறது. கடலைமிட்டாய்க்குக் கிடைத்தது 2020-இல், நாதஸ்வரத்துக்கு 2022-இல். ஒவ்வொரு முறையும் நாளிதழ்களில் படத்தோடு செய்தி வரும், நாமும் பெருமைப்பட்டுக்கொள்வோம். இந்தச் சட்டத்தில் நம்மைக் கவர்ந்த ஒரு பிரிவு உண்டு. பதிவான ஊர்ப்பெயரின்மீது உள்ள உரிமையை யாரும் விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, வேறொருவருக்கு உரிமம் கொடுக்கவும் முடியாது. வாரிசுக்குப் போகலாம், அவ்வளவுதான். நம் ஊர்க் கண்மாயைப் போன்ற ஒரு பொதுச்சொத்தாகச் சட்டம் பெயரைப் பார்க்கிறது. நல்ல பார்வை என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் கண்மாய்க்கு உள்ள தொல்லை இதற்கும் உண்டு. எல்லோரும் மடையைத் திறப்பார்கள். கரையை உயர்த்தவும் தூர் வாரவும் ஆள் தேட வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரை எட்டிப் பார்த்திராத பால்கோவாவும் அந்த ஊர்ப்பெயரைத் தாளில் அச்சடித்துக்கொண்டு விற்பனைக்கு வருகிறது. இது வெளியாரின் திருட்டு. உள்ளூரிலேயே, பாலை நிதானமாகச் சுண்டக் காய்ச்சுகிறவரும் சர்க்கரையைக் கூட்டி எடையை ஏற்றுகிறவரும் ஒரே ஊர்ப்பெயரின் நிழலில் ஒரே விலைக்கு விற்றால், முதலாமவர் எத்தனை நாளைக்குத் தாக்குப்பிடிப்பார்? ஊர்ப்பெயர் மட்டும் இருந்து ஆள்பெயர் இல்லாதபோது திறமைக்கு விலை வைக்க வழியில்லை. குறைக்குப் பொறுப்பேற்கவும் ஆளில்லை. பெயர் என்பது பாராட்டுக்கு மட்டுமான முகவரி என்று நினைக்கிறோம். சரடு தளர்ந்த பாயைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கான முகவரியும் அதுதான்.

அப்படியானால் முகத்தைக் காட்டு என்னும் அறிவுரை சரிதானே என்று நண்பர்கள் கேட்கலாம். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் 2018-இல் ஒரு குடும்பத்தார் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021-க்குள் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்டது. வயலோரத்தில் அடுப்பு மூட்டி, ஊர்ப் பேச்சு மாறாமல் சமைத்து, அந்த உயரத்தை எட்டினார்கள். இது நேர்மையான வெற்றி. குறை சொல்ல நமக்கு ஒன்றுமில்லை. ஆனால் அங்கே வருமானத்தை ஈட்டித் தருவது பார்க்கப்படுதல். பார்வையாளர் பெருகப் பெருக வருமானமும் பெருகும். ஒரு காட்சியை ஒரு கோடிப் பேர் பார்க்கலாம். ஒரு பாயில் இருவர்தான் படுக்க முடியும். மூன்று மாதத்தில் ஒரு பாய் நெய்கிறவருக்கு ஒரு கோடிப் பேர் தேவையே இல்லை. ஆண்டுக்கு நான்கு பேர் போதும். அந்த நால்வருக்கும் அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும், அடுத்த நால்வரிடம் அதைச் சொல்ல வேண்டும். கேமராவுக்கு முன்னால் செலவிடும் நேரம் தறியிலிருந்து திருடப்படும் நேரம் என்பதையும் அறிவுரையாளர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

மேலும், பத்தமடையில் நெய்யும் பெண்களில் பலர் இஸ்லாமியக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வீட்டுக்குள்ளேயே தறியை வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள். முகத்தைக் காட்டுவதில் ஒருவருக்கு விருப்பம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அது அவர் முடிவு. முகத்தை விற்காமல் பெயரை மட்டும் நிலைநிறுத்திக்கொள்ள ஒரு வழி இருக்க வேண்டும். பாயின் ஓரத்தில், மணமக்களின் பெயருக்குக் கீழே, நெய்தவரின் பெயரையும் ஒரு விரற்கடை இடத்தில் நெய்துவிடலாம். எழுத்தை நெய்யத் தெரிந்த கைகளுக்கு இது புதிய வித்தை அல்ல. இடைத்தரகருக்கு இது பிடிக்காது. வாங்குகிறவர் நேராகவே தேடிப் போய்விடுவாரே! அதனால், கேட்க வேண்டியவர் வாங்குகிறவர்தான். கடையில் நின்று "இது பத்தமடைப் பாயா?" என்று கேட்கிறோம், "யார் நெய்தது?" என்பதையும் கேட்கலாம். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் சலித்துக்கொள்வார். நூறு பேர் கேட்டால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்வார்.

சட்டத்திலும் இதற்கு ஒரு வாசல் திறந்தே கிடக்கிறது. குறியீட்டைப் பெறுவது பெரும்பாலும் சங்கமோ கூட்டுறவு அமைப்போதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் அது பால் கூட்டுறவுச் சங்கம். அதன்பின் ஒவ்வொரு உற்பத்தியாளரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனித்தனியே தம் பெயரைப் பதிந்துகொள்ள முடியும். ஊர்ப்பெயரோடு ஆள்பெயர் அரசாங்கப் பதிவேட்டில் ஏறுவது அந்த இரண்டாம் படியில்தான். நாளிதழ்ச் செய்தி முதல் படியோடு நின்றுவிடுகிறது, நம் பெருமையும் அங்கேயே நின்றுவிடுகிறது. இதற்கான கட்டணத்தை 2020-இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். எஞ்சியிருக்கும் தடை மொழி. விண்ணப்பத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் கொடுக்க வேண்டும். அந்த மொழிகளில் படிவம் நிரப்பத் தெரிந்தவர்களுக்கு நம் வாசகர்களிடையே பஞ்சமில்லை. நெல்லைப் பக்கமும் கும்பகோணப் பக்கமும் இருக்கும் நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினால் ஒரு தெருவுக்கே எழுதி முடித்துவிடலாம்.