புதியது வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்



முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஆயினும், புதிதாக ஒரு செல்போன் வெளிவந்தால் அதன் விவரங்களை ஒரு வரி விடாமல் படிப்பவன். விண்வெளியைப் பற்றிய படம் வருகிறதென்றால் முதல் நாளே திரையரங்கு வாசலில் போய் நிற்பவன். "இந்த வயதில் இதெல்லாம் தேவைதானா?" என்று வீட்டில் கேட்பதுண்டு. தேவைதான் என்பதே என் பதில்.

ரசிகனாக இருப்பது குற்றமன்று. ஆனால் கேள்வி கேட்காத ரசிகனாக இருப்பது நமக்கு நஷ்டம் என்பது என் கருத்து. அந்த நஷ்டத்தை நானே அடைந்திருக்கிறேன். எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் செல்போனைப் பார்ப்போம்.

இருபது கோடிக் கட்டங்கள்

2023 ஆம் ஆண்டு வெளிவந்த சாம்சங் கேலக்ஸி எஸ்23 அல்ட்ரா என்னும் செல்போனின் முதன்மைக் காமிரா 200 மெகாபிக்சல் கொண்டது. 'மெகா' என்றால் பத்து லட்சம். ஆகவே 200 மெகாபிக்சல் என்பது 20 கோடி! படத்தைப் பதிவு செய்யும் சிலிக்கான் சில்லின் மீது, வரைபடத்தாளில் இருப்பதுபோல 20 கோடிச் சிறு கட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு கட்டமும் தன்மேல் விழும் ஒளியை அளந்து சொல்லும். இத்தனைக்கும் அந்தச் சில்லின் அகலம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். உயரம் ஏழரை மில்லிமீட்டர். உங்கள் சுண்டுவிரல் நகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அவ்வளவுதான்!

அப்படியானால் ஒரு கட்டத்தின் அளவு என்ன? 0.6 மைக்ரான். ஒரு தலைமுடியின் குறுக்கே இத்தகைய கட்டங்கள் நூற்றுக்கு மேல் அடங்கும். இதைச் செய்து காட்டிய பொறியாளர்களை நாம் மனமாரப் பாராட்ட வேண்டும்.

இனி நம் கேள்விக்கு வருவோம். கட்டம் சிறிதாகிவிட்டது, சரி. அந்தக் கட்டத்தின் மேல் விழும் ஒளியும் அவ்வளவு சிறிதாக ஆகுமா?

ஆகாது. ஒளி ஓர் அலை. ஒரு திறப்பின் வழியே செல்லும்போது அது விளிம்புகளில் வளைந்து பரவுகிறது. இதனையே விளிம்பு விளைவு என்கிறோம். இதன் காரணமாக, எவ்வளவு சிறந்த வில்லையும் ஒரு விண்மீனின் ஒளியை ஒரே புள்ளியில் குவிக்க இயலாது. ஒரு சிறு வட்டமாகவே அது விழும். அந்த வட்டத்தின் விட்டத்தைக் கணக்கிடும் முறையை ஜார்ஜ் ஏரி என்னும் ஆங்கில வானியலார் 1835 ஆம் ஆண்டிலேயே கண்டுவிட்டார். ஒளியின் அலைநீளத்தை வில்லையின் எஃப் எண்ணால் பெருக்கி, மீண்டும் 2.44 ஆல் பெருக்க வேண்டும். எஃப் எண் என்பது குவியத் தூரத்தைத் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் வருவது. மேற்சொன்ன செல்போனில் அது 1.7. பச்சை ஒளியின் அலைநீளம் 0.55 மைக்ரான். நீங்களே பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 2.3 மைக்ரான் வரும்.

கட்டம் 0.6 மைக்ரான், ஒளிவட்டமோ 2.3 மைக்ரான்! நுனி தடித்த பேனாவைக் கொண்டு மிக நெருக்கமான வரைபடத்தாளில் புள்ளி வைப்பதைப்போல, ஒரே ஒளிவட்டம் நீளவாக்கில் நான்கு கட்டங்களை நிரப்பிவிடுகிறது.

பொறியாளர்களுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். அதனால்தான் அந்தச் செல்போன், நாம் எதுவும் மாற்றாதபோது, நான்குக்கு நான்கு என்று 16 கட்டங்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே கட்டமாகக் கொள்கிறது. சேர்ந்த கட்டத்தின் அளவு 2.4 மைக்ரான். 200 ஐ 16 ஆல் வகுத்தால் கிடைப்பது பன்னிரண்டரை. ஆம், அன்றாடம் நாம் எடுக்கும் படம் ஏறத்தாழ 12 மெகாபிக்சல் படமே! நல்ல வெயிலில் முழு 200 ஐயும் பயன்படுத்தினால் சற்றுக் கூடுதல் நுணுக்கம் கிடைக்கும். ஆனால் 16 மடங்கு கிடைத்துவிடாது. விளம்பரத்தில் உள்ள எண் பொய்யன்று. நாம் அதை வைத்துச் செய்துகொள்ளும் முடிவுதான் தவறு.

அப்பத்தாவின் படம்

இப்போது என் நஷ்டத்தைச் சொல்கிறேன். 2006 ஆம் ஆண்டு, வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு டிஜிட்டல் காமிரா வாங்கக் கடைக்குப் போனேன். ஒன்று 5 மெகாபிக்சல். பருமனாக, அகன்ற வில்லையுடன் இருந்தது. மற்றொன்று 7 மெகாபிக்சல். சட்டைப் பையில் அடங்கும் அளவுக்கு மெலிந்து, சிறு பொத்தான் போன்ற வில்லையுடன் இருந்தது. ஏழு என்பது ஐந்தைவிடப் பெரியதல்லவா? விலை கூடுதலாயினும் இரண்டாவதையே வாங்கினேன்.

அவ்வாண்டு கார்த்திகை தீபத்தன்று என் அப்பத்தா திண்ணை முழுவதும் அகல்விளக்கு ஏற்றி வைத்துவிட்டு நடுவில் அமர்ந்திருந்தார். அந்த வெளிச்சத்திலேயே அவரைப் படம் எடுத்தேன். அடுத்த கார்த்திகைக்கு அப்பத்தா இல்லை. படத்தை இன்றும் வைத்திருக்கிறேன். விளக்குகள் தெரிகின்றன, அவர் முகத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள்தாம் தெரிகின்றன.

சிறிய வில்லை, சிறிய சில்லு. ஆகவே உள்ளே நுழைந்த ஒளியும் சிறிதளவே. இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்ற எனக்கு இது தெரியாததன்று. ஆனால் கடையில் நின்றபோது, "இதற்குள் எவ்வளவு ஒளி நுழையும்?" என்று கேட்கத் தோன்றவில்லை. வகுப்பறையில் படித்ததை வகுப்பறையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

வெள்ளித்திரையில் கருந்துளை

செல்போனுக்குக் கேள்வி கேட்டதைப் போலவே சினிமாவுக்கும் கேட்கலாம். 2014 ஆம் ஆண்டு கிறிஸ்டோபர் நோலன் இயக்கத்தில் வெளிவந்த 'இன்டர்ஸ்டெல்லர்' படம், 2025 பிப்ரவரியில் நம் நாட்டுத் திரையரங்குகளுக்கு மீண்டும் வந்தது. உங்களுள் பலர் அப்போதுதான் அதைப் பெரிய திரையில் முதன்முதலாகக் கண்டிருப்பீர்கள்.

அதில் ஒரு கோளில் கழியும் ஒரு மணி நேரம் பூமியில் ஏழு ஆண்டுகளுக்குச் சமம் என்று வருகிறது. அதாவது, ஏறத்தாழ 61,000 மடங்கு! வெறும் கற்பனையா? இல்லை. ஈர்ப்பு மிகுந்த இடத்தில் கடிகாரம் மெதுவாக ஓடும் என்பது ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் கொள்கை. படத்தின் அறிவியல் ஆலோசகரான கிப் தோர்ன் கணக்கிட்டுப் பார்த்தபோது, அக்கோளின் அருகிலுள்ள கருந்துளை, தான் சுழலக்கூடிய உச்ச வேகத்துக்கு மிக மிக நெருங்கிச் சுழன்றால் இது கொள்கையளவில் இயலும் என்று கண்டார். ஈர்ப்பு அலைகளைக் கண்டறிந்த பணிக்காக 2017 ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவர்.

அப்படத்தின் கருந்துளைக் காட்சியும் சமன்பாடுகளைக் கொண்டே கணக்கிடப்பட்டது. ஆனால் ஒரு மாற்றம் செய்தார்கள். கருந்துளையைச் சுற்றும் வாயுத் தட்டில், நம்மை நோக்கி வரும் பக்கம் அதிகப் பிரகாசமாகவும், விலகிச் செல்லும் பக்கம் மங்கலாகவும் தெரிய வேண்டும். இது டாப்ளர் விளைவின் பயன். பார்ப்பவர்கள் குழம்புவார்கள் என்று கருதி இதைப் படத்தில் விட்டுவிட்டார்கள். 2019 ஏப்ரல் 10 அன்று, எம்87 என்னும் விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் உண்மைப் படம் வெளியிடப்பட்டது. அதில் ஒளிவளையத்தின் ஒரு பக்கம் தெளிவாகவே அதிகப் பிரகாசத்துடன் இருந்தது!

திரையில் அழகு கருதி விடப்பட்டது எது, வானில் இருப்பது எது என்று அறிந்த பிறகு எனக்கு அந்தக் காட்சி கசந்துவிடவில்லை. இரண்டாம் முறை பார்த்தபோது முன்னைவிட அதிகமாகவே ரசித்தேன்.

இன்னொரு வியப்பையும் சொல்ல வேண்டும். இடம் காட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கு ஈர்ப்பு குறைவு. ஆகவே அங்குள்ள கடிகாரங்கள் நம் கடிகாரங்களைவிட நாளொன்றுக்கு 45 மைக்ரோ விநாடி வேகமாக ஓடும். அவற்றின் வேகத்தால் 7 மைக்ரோ விநாடி பின்தங்கும். மீதி 38 மைக்ரோ விநாடி. அந்த நேரத்தில் ஒளி 11 கிலோமீட்டருக்கு மேல் சென்றுவிடும். ஒளி வந்து சேரும் நேரத்தைக் கொண்டே தூரத்தை அளக்கும் அமைப்புக்கு இது சிறிய பிழையா? எனவே அக்கடிகாரங்களை ஏவும் முன்பே சற்று மெதுவாக ஓடும்படி அமைத்து அனுப்புகிறார்கள். திரையில் நீங்கள் வியந்த அதே விதிதான் உங்கள் அண்ணனின் செல்போன் வழிகாட்டும்போதும் செயல்படுகிறது!

இரண்டு கட்சிகள்

"செல்போனும் சினிமாவும் மாணவர்களைக் கெடுக்கின்றன, அவற்றின் பக்கமே போகாதே" என்பார்கள் பெரியவர்கள் சிலர். உங்கள் நேரத்தையும் கண்களையும் பற்றிய அவர்களது கவலை நியாயமானதே. ஆனால் பக்கமே போகாதிருந்தால், பாடநூலில் படிக்கும் விளிம்பு விளைவு தேர்வுத்தாளைத் தாண்டி வராது. "எதற்கெடுத்தாலும் கணக்கா? பேசாமல் ரசிக்க விடுங்கள்" என்பார்கள் ரசிகர்கள் சிலர். இவர்களுக்கு என் பதில்: கேள்வி கேட்காத ரசிகனின் பணத்தில் விளம்பரக்காரர் பங்கு கேட்பார். அந்தப் பணம் பெரும்பாலும் உங்கள் தந்தையோ தாயோ உழைத்துச் சேர்த்தது. தவணையில் வாங்கினால், இனிமேல்தான் உழைத்துச் சேர்க்க வேண்டியது.

ஆகவே புதியது எது வந்தாலும் கேளுங்கள்: இந்த எண் எதை அளக்கிறது? எந்த இயற்கை விதி இதற்கு எல்லை வகுக்கிறது? திரையில் கண்டதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அலங்காரம்?

ஒரு சிறு சோதனையும் செய்து பாருங்கள். செய்தித்தாளின் ஒரு பக்கத்தைச் சுவரில் ஒட்டுங்கள். ஆறு அடி தள்ளி ஒரு முக்காலியின் மேல் வீட்டிலுள்ள செல்போனை அசையாமல் வைத்துப் பகலில் ஒரு படம் எடுங்கள். இரவில் ஒரே ஒரு சிறு விளக்கின் ஒளியில், அதே இடத்திலிருந்து மற்றொரு படம் எடுங்கள். இரண்டையும் பெரிதாக்கி, எந்த அளவு எழுத்து வரை படிக்க முடிகிறது என்று பாருங்கள். செல்போன் மாறவில்லை, மெகாபிக்சல் எண்ணும் மாறவில்லை. மாறியது ஒளி மட்டுமே.

அந்த இரண்டு படங்களையும் உங்கள் நண்பர்களிடம் காட்டுங்கள். அடுத்த புதிய செல்போனைப் பற்றி அவர்கள் பேசும்போது, "இதற்குள் எவ்வளவு ஒளி நுழையும்?" என்ற கேள்வியை நீங்கள் முதலில் கேளுங்கள். நான் கேட்கத் தவறியது அதுதான்.