எரியுமா, எரியாதா?

திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரத்தில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். மணலி, எண்ணூர், தண்டையார்பேட்டைப் பக்கங்களிலிருந்து பெட்ரோலும் டீசலும் ஏற்றிய டாங்கர் லாரிகள் வந்துகொண்டே இருக்கும். அவற்றின் முதுகில் கொட்டை எழுத்தில் ஆங்கில வாசகம் ஒன்று காணப்படும்: ‘ஹைலி இன்பிளேமபிள்.’

இதற்கு என்ன அர்த்தம்? ‘மிக எளிதில் தீப்பற்றக் கூடியது’ என்பதுதான்.

ஆனால் அரைகுறை ஆங்கிலம் படித்தவர் என்ன நினைப்பார்? வாத்தியார் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வரும். ‘கரெக்ட்’ என்றால் சரி, ‘இன்கரெக்ட்’ என்றால் தவறு. நமது நியாயம், அநியாயம் மாதிரி. அப்படியானால் ‘பிளேமபிள்’ என்றால் தீப்பற்றும். ‘இன்பிளேமபிள்’ என்றால் தீப்பற்றாது! கணக்கு என்னவோ ஒழுங்காகத்தான் போடுகிறார். விடைதான் தலைகீழ். இரண்டு சொல்லுக்கும் ஒரே பொருள்.

ஆங்கிலமே அறியாதவருக்கு இந்தத் தொல்லை இல்லை. வண்டியில் வரைந்துள்ள தீப்பிழம்புப் படத்தைப் பார்த்து அவர் பீடியை அணைத்துவிடுவார். கொஞ்சம் படித்தவர்தான் மாட்டிக்கொள்கிறார்!

குழப்பம் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. அங்கே ‘இன்’ என்பதற்கு ‘இல்லை’ என்றும் பொருள் உண்டு, ‘உள்ளே’ என்றும் பொருள் உண்டு. இந்தச் சொல்லில் இருப்பது இரண்டாவது ‘இன்’. இதே போன்ற குறும்பு இன்னொரு சொல்லிலும் உண்டு. ‘வேல்யுபிள்’ என்றால் மதிப்புள்ளது. ‘இன்வேல்யுபிள்’ என்றால் மதிப்பற்றது அல்ல; மதிப்பிடவே முடியாத அளவு உயர்ந்தது. அதைத் தப்பாக எழுதினால் பரீட்சையில் அரை மார்க் போகும். லாரி விஷயத்தில் போவது உயிர்.

இதை வெள்ளைக்காரர்களே உணர்ந்துவிட்டார்கள். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தார் 1920-களிலேயே ‘பிளேமபிள்’ என்று எழுதும்படி வற்புறுத்தினார்கள். பிரிட்டனின் தர நிர்ணயக் கழகம் 1959-ல் அதே முடிவுக்கு வந்தது. கப்பலில் ஏற்றும் ஆபத்தான சரக்குகளுக்கான சர்வதேச விதிகளிலும் ‘பிளேமபிள்’தான். நாமோ 1952-ல் இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே ‘இன்பிளேமபிள்’ என்று வைத்தோம். அந்தச் சொல் லாரி முதுகை விட்டு இறங்க மறுக்கிறது.

‘இத்தனை காலம் ஓடவில்லையா?’ என்று கேட்பார்கள். 2020 ஆகஸ்டில் பெய்ரூத் துறைமுகம் வெடித்துச் சிதறியது. அதன் பிறகுதான் மணலிக் கிடங்கில் 37 கண்டெய்னர்களில் சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் கிடப்பது ஊருக்குத் தெரிய வந்தது. 2015-ல் பறிமுதல் செய்த சரக்கு. அதை அவசரமாக ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். பக்கத்தில் இருக்கும் பொருள் என்னவென்று தெரியாமலே வாழ்வது வட சென்னைக்குப் புதிதல்ல.

ஆகவே நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. ‘தீப்பற்றும்’ என்று தமிழில் எழுதுங்கள். வடக்கேயிருந்து வந்து இங்கே வேலை செய்பவர்களுக்காக இந்தியிலும் எழுதுங்கள். ஆங்கிலமும் வேண்டுமென்றால் ‘பிளேமபிள்’ என்றே இருக்கட்டும். பின்புறம் மட்டும் போதாது, இரண்டு பக்கவாட்டிலும் வேண்டும். லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டவ் பற்றவைத்துச் சமைப்பவர்கள் உட்காருவது அந்தப் பக்கவாட்டு நிழலில்தான்.