காலணி விற்குமுன் ஒரு கேள்வி

உறைந்த ஏரியில் துளையிட்டு மீன் பிடிக்கும் நாடுகளில், உள்ளே கம்பளி வைத்த கனத்த ரப்பர் பூட்ஸ் நல்ல சரக்கு. குளிரையும் ஈரத்தையும் அது காலில் ஏறவிடாது. அதே சரக்கு சிவகாசிப் பட்டாசு ஆலையின் மருந்து அறைக்குள் போனால் ஆபத்து.

நடக்கும்போதும் துணி உரசும்போதும் உடம்பில் நிலைமின்சாரம் சேரும். சாதாரண ரப்பர் அதைத் தரைக்கு இறங்கவிடாது. காற்று வறண்ட நாட்களில் இது இன்னும் அதிகம். கை மருந்தை நெருங்கும் நேரத்தில் சிறு பொறி போதும். மருந்து அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, எர்த் கொடுத்த செம்புத் தகட்டைத் தொட்டு உள்ளே செல்வது இதற்காகத்தான்.

தொழிலாளிக்குப் பாதுகாப்பு பூட்ஸ் கேட்டு வாடிக்கையாளர் வந்தால், விலை கூடியதையே நல்லதென்று எடுத்துக் கொடுக்கிறோம். எலக்ட்ரீசியனுக்கான பூட்ஸ் மின்சாரத்தைத் தடுப்பது. மருந்து அறைக்கு வேண்டியது அதைக் கடத்துவது. பார்வைக்கு இரண்டும் கறுப்புதான். முத்திரையைப் பார்க்க வேண்டும்: நிலைமின்சாரத்தை இறக்குவதற்கு 'ஏ', மின்கடத்துவதற்கு 'சி', குளிர் தாங்குவதற்கு 'சி.ஐ.'. சரியான பூட்ஸிலும் தடித்த உள்மெத்தை போட்டாலோ அடியில் அழுக்கு படிந்தாலோ பயன் குறையும். தரையும் மின்கடத்துவதாக இருக்க வேண்டும்.

ஆகவே விருதுநகர், சிவகாசிக் கடைக்காரர்களுக்கு நமது வேண்டுகோள்: "எந்த அறைக்கு?" என்று கேட்டபின் பில் போடுங்கள். மருந்து அறைக்கு என்றால், ஆலைப் போர்மேன் சொல்லும் வகையை மட்டும் கொடுங்கள். கைவசம் இல்லையென்றால் இல்லையென்றே சொல்லுவோம். ஒரு ஜோடி வியாபாரம் போனால் நாளை வரும். போன உயிர் வராது.