பெல்ட் எப்போது கிடைக்கும், ஹஜ்ரத்?

சென்ற மாதம் ஒரு நாள் அஸ்ர் தொழுகை முடித்துப் பள்ளிவாசல் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது, நம்மிடம் ஓதும் மாணவர் ஒருவரின் தகப்பனார் நம்மை வழிமறித்தார். ஸலாம் சொன்னார், நலம் விசாரித்தார். பிறகு மனத்தில் இருந்ததைக் கொட்டினார்.

"ஹஜ்ரத், நீங்கள் சொன்னீர்கள் என்றுதான் பையனை அந்த ஜியு-ஜிட்சு வகுப்பில் சேர்த்தேன். எட்டு மாதம் ஆகிவிட்டது. இன்னும் அதே வெள்ளை பெல்ட். தினமும் யாரிடமாவது தோற்றுவிட்டு வருகிறான். பக்கத்துத் தெருப் பையன் வேறொரு வகுப்பில் இரண்டே வருடத்தில் கறுப்பு பெல்ட் வாங்கிவிட்டான். இவனுக்கு எப்போது கிடைக்கும்?"

நாம் ஏதோ சமாதானம் சொன்னோம். அடுத்த வாரமே பையனை நிறுத்திவிட்டார். அவர் கெட்ட மனிதர் அல்லர். வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த காசைப் பிள்ளைகளின் கல்விக்குச் செலவழிப்பவர். ஆனால் அவர் கேட்ட கேள்வி நம் சமுதாயத்தின் பழைய நோய். காயிதா நூலைப் பிள்ளையின் கையில் கொடுத்த மறுவாரமே, குர்ஆனை எப்போது முடிப்பான் என்று கேட்கும் அதே கேள்விதான் இது. எழுத்து எந்த இடத்திலிருந்து பிறக்கிறது, பிள்ளையின் நாவு அந்த இடத்தைத் தொடுகிறதா என்று கேட்பவர் நூறில் ஒருவர்கூட இல்லை.

இந்த வகுப்பு நம் மஹல்லாவுக்கு வந்த கதை சிறியது. அபூதபியில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் அங்கேயே இக்கலையைப் பயின்று, நீல பெல்ட்டுடன் ஊர் திரும்பினார். ஒரு கிடங்கின் மாடியை வாடகைக்குப் பிடித்து மேட் விரித்தார். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று கூசாமல் சொல்லும் ஆள். மதரஸாவின் பெரிய மாணவர்கள் சிலர் அங்கே போகத் தொடங்கினர். மார்க்கத்துக்கு முரணாக ஏதும் நடக்கிறதா என்று பார்க்கவே நாம் போனோம். இரண்டு வாரம் சுவரோரமாக உட்கார்ந்து பார்த்தோம். மூன்றாவது வாரம் நாமே அந்தத் தடித்த பருத்திச் சட்டையை வாங்கி அணிந்துகொண்டோம். அப்போது நமக்கு வயது 44.

இக்கலையின் வரலாற்றை அந்தத் தகப்பனாருக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஜப்பானில் ஜூடோ பயின்ற மிட்சுயோ மயேடா என்பவர் 1914இல் பிரேசிலுக்குப் போனார். வடக்கே பெலேம் நகரில் கார்லோஸ் கிரேஸி என்ற இளைஞர் அவரிடம் பயின்றார். கார்லோஸின் தம்பி ஹேலியோ மெலிந்த உடல்வாகு கொண்டவர். பலத்தைக் குறைத்து நெம்புகோல் தத்துவத்தைக் கூட்டி, கீழே மல்லாந்து கிடந்தபடியே போராடும் முறையை அக்குடும்பத்தார் வளர்த்தெடுத்தனர். 1951இல் ரியோ நகரின் மரக்கானா அரங்கில், ஜப்பானின் பெரும் ஜூடோ வீரர் மசஹிகோ கிமுராவுடன் ஹேலியோ மோதினார், தோற்றார். கிமுரா அவருடைய கையை முதுகுப் பக்கம் திருகிப் பூட்டினார். கை முறிந்தும் ஹேலியோ விட்டுக்கொடுக்கவில்லை. அவர் தரப்பினர்தாம் ஆட்டத்தை நிறுத்தினர்.

அதன் பிறகு நடந்ததுதான் நம்மை யோசிக்க வைத்தது. தோற்ற தரப்பார் அந்தத் தோல்வியை மறைக்கவில்லை. தம்மை வீழ்த்திய பூட்டுக்கு, வீழ்த்தியவரின் பெயரையே சூட்டினார்கள். இன்றும் உலகெங்கும் இக்கலை பயிலும் பிள்ளைகள் முதல் ஆண்டிலேயே அதைக் கற்கிறார்கள். 'கிமுரா' என்றே அழைக்கிறார்கள். 1993இல் டென்வர் நகரில் பல கலைகளின் வீரர்களும் மோதிய முதலாவது யு.எஃப்.சி. போட்டியில், ஹேலியோவின் மகன் ராய்ஸ் ஒரே இரவில் மூவரை அடக்கி வென்றார். அவரைப் பேருடல் படைத்தவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தோல்விக்குப் பெயர் வைத்துப் பாடமாக்கிய வீட்டில் பிறந்தவர் அவர். நாமோ பிள்ளை தோற்றுவிட்டு வருகிறான் என்பதற்காக வகுப்பையே நிறுத்துகிறோம்.

முதல் மூன்று மாதங்களில் ஒருவர் உண்மையில் கற்பது என்ன? அடிபடாமல் விழுவது. மல்லாந்து கிடக்கும்போது இடுப்பைப் பாலம்போல் உயர்த்தி, மேலே இருப்பவரின் நிலையைக் குலைப்பது. இறால் சுருண்டு பின்னால் துள்ளுவதுபோல் இடுப்பைப் பின்னுக்கு இழுத்து, மூச்சுவிட ஒரு சாண் இடம் உண்டாக்குவது. இதற்கு ஆங்கிலத்திலும் இறாலின் பெயரே. இவற்றை மாடியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும். நமக்கு 'ளாத்' எழுத்தைச் சரியாக உச்சரிக்கப் பிள்ளைகளைப் பிழிந்தெடுக்கும் காலை நேரங்கள் நினைவுக்கு வந்தன.

அடுத்து, இடங்கள். எதிரியின் நெஞ்சின் மீது அமர்ந்திருப்பது, பக்கவாட்டில் அழுத்திக் கிடப்பது, முதுகைப் பற்றியிருப்பது, கீழே கிடந்தாலும் இரு கால்களால் அவரை வேலியிட்டு வைப்பது. நாம் எந்த இடத்தில் இருக்கிறோம், அங்கிருந்து எப்படித் தப்புவது என்று அறிவதற்குள் ஆறு மாதம் போய்விடும். புதியவர் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றே: மூச்சை அடக்கிக்கொண்டு, கைக்கு அகப்பட்டதை இறுகப் பிடித்து, முழு பலத்தையும் முதல் இரண்டு நிமிடத்திலேயே செலவழித்துவிடுவார்கள். ஐந்து நிமிடச் சுற்றில் மீதி மூன்று நிமிடம் அவர்கள் வெறும் மூட்டை.

வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் போதும். முதல் மாதம் ஆறு நாளும் போய், இரண்டாம் மாதம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு காணாமல் போனவர்களை எண்ண நமக்கு இரு கை விரல்கள் போதவில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது தட்டுதல். பூட்டோ நெரிப்போ இறுகும்போது, எதிரியின் உடலிலோ மேட்டிலோ கையால் தட்டினால் அவர் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். கை அகப்பட்டிருந்தால் வாயால் சொல்லலாம். கழுத்தின் இரு பக்கமும் உள்ள இரத்தக் குழாய்கள் சரியாக அழுத்தப்பட்டால் சில விநாடிகளில் நினைவு தப்பிவிடும். ஆகவே வீம்புக்கு அங்கே இடமில்லை. இதில் இரண்டு அமானத்கள் உள்ளன. நம் உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத். பூட்டைப் பிடித்திருப்பவரிடம் நம் மூட்டு அமானத்.

இதை நாம் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. ஏழாவது வாரம், நம்மிடமே ஓதி முடித்த 19 வயது மாணவர் ஒருவர் நம் கையை நீட்டிப் பூட்டினார். தட்ட வேண்டிய கணம் வந்தது. உஸ்தாத் மாணவரிடம் தட்டுவதா என்று ஓர் எண்ணம் உள்ளே எழுந்தது. அவர் நம் மீதுள்ள மரியாதையால் மிக மெதுவாகத்தான் இழுத்தார்; நாம் கையை உதறி எடுக்க முயன்றோம். முழங்கையில் ஓர் ஓசை கேட்டது. அதன்பின் மூன்று வாரம் கரும்பலகையில் எழுத முடியவில்லை. ஒளூவில் தலைக்கு மஸ்ஹு செய்யக் கையை உயர்த்தும்போதெல்லாம் வலி உயிர் போயிற்று. மறுநாள் அம்மாணவர் வீடு தேடி வந்து அழுதார். அழ வேண்டியவர் அவர் அல்லர். பெருமையைப் பற்றி 20 ஆண்டுகளாகப் பாடம் நடத்திய ஒருவர் அன்று தம் பெருமைக்காக ஓர் இளைஞரின் மனத்தையும் தம் கையையும் நோகடித்திருந்தார். கை குணமான பிறகு முதல் வேலையாக அவரிடமே போய் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்தில் மூன்று முறை தட்டினோம்.

மறுதரப்பில், இது ஆகாது என்று சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்ல விரும்புகிறோம். முகத்தில் அடிப்பது ஹதீஸில் தடுக்கப்பட்டது. இக்கலையில் அடியே கிடையாது, பிடியும் பூட்டும்தான். சட்டையும் கால்சட்டையும் அவ்ரத்தை முழுமையாக மறைக்கின்றன. நம் ஊர்க் கால்பந்து மைதானத்தில் முட்டி தெரிய ஓடும் பிள்ளைகளை வேடிக்கை பார்ப்பவர்கள் இதைக் குறை சொல்வது விந்தை. சில இடங்களில் மேட்டில் ஏறும்போது குனிந்து வணங்கும் வழக்கம் உண்டு. அது நமக்கு ஆகாது என்றோம். நம் பயிற்றுநர் ஸலாமும் கைகுலுக்கலும் போதும் என்று அன்றே மாற்றிவிட்டார். பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்றுநரும் தனி நேரமும் அமையும் வரை சேர்க்கக் கூடாது என்பதில் நமக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்நியர் கலை என்ற வாதத்தை மட்டும் நாம் ஏற்கவில்லை. அபூதபியில் 2008 முதல் பள்ளிப் பாடமாகவே இது கற்பிக்கப்படுகிறது. உலகின் பெரும் பிடிப்போட்டிகளுள் ஒன்று 1998இல் அங்கேதான் தொடங்கியது.

இதற்கு ஆதரவாகப் பேசுகிறவர்களும் ஒரு விஷயத்தில் அடக்கம் காட்ட வேண்டும். நபி (ஸல்) அவர்கள் ருகானாவுடன் மல்யுத்தம் செய்து வீழ்த்திய சம்பவத்தை மேடையில் முழங்கித் தக்பீர் வாங்குகிறார்கள். அது அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. ஆனால் அதன் அறிவிப்பாளர் தொடர் உறுதியானது அல்ல என்று இமாம் திர்மிதி அவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். பிறரை மல்யுத்தத்தில் வீழ்த்துபவன் வீரன் அல்லன், கோபத்தில் தன்னை அடக்கிக்கொள்பவனே வீரன் என்ற கருத்துள்ள ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதை ஏன் மேடையில் சொல்வதில்லை? கைதட்டல் குறைவாக விழும் என்பதாலா?

இனி அந்தக் கறுப்பு பெல்ட். மூன்று மாதத்துக்கு ஒரு தேர்வு, தேர்வுக்கு ஒரு கட்டணம், கட்டணத்துக்கு ஒரு நிறம். இறுதியில் திருமண மண்டபத்தில் விழா, கேடயம், பிரமுகருடன் புகைப்படம். மற்றக் கலைகளின் நியதியில் நாம் தலையிடவில்லை; அவற்றிலும் நேர்மையான ஆசான்கள் வருந்தித்தான் பெல்ட் கொடுக்கிறார்கள். ஆனால் ஜியு-ஜிட்சுவில் இது நடவாது. சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பின் விதிப்படி 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வெள்ளைக்குப் பின் சாம்பல், மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்ற நிறங்களே உண்டு. நீல பெல்ட்டுக்கே 16 வயதாக வேண்டும். நீலத்தில் குறைந்தது 2 ஆண்டு, ஊதாவில் ஒன்றரை ஆண்டு, பழுப்பில் ஓராண்டு. கறுப்புக்கு 19 வயது. பெரும்பாலோருக்கு 10 ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. நாளை யாரேனும் இந்தக் கலையிலும் 13 வயதுப் பிள்ளைக்குக் கறுப்பு பெல்ட் தருகிறேன் என்று பலகை மாட்டினால், பலகையைப் பார்த்தவுடனேயே திரும்பி நடங்கள்.

ஆலிம் ஸனது பெற நம் மதரஸாக்களில் ஏழு ஆண்டுகள் ஓதுகிறார்கள். இரண்டு மாதத்தில் ஸனது வழங்குகிறோம் என்று ஒரு கட்டடம் அறிவித்தால், அங்கே ஸனது வாங்கியவருக்குப் பின்னால் நின்று நாம் தொழுவோமா? மாட்டோம். ஆனால் மதரஸாக்காரர்களான நாமும் குற்றமற்றவர்கள் அல்லர். ஸனது விழாவுக்குப் பந்தல் போடுவதில் காட்டும் அக்கறையை, பட்டம் பெறுபவர் ஒரு பக்கத்தைப் பிழையின்றி வாசிக்கிறாரா என்பதில் காட்டாத ஆண்டுகள் நமக்கும் உண்டு. அந்தத் தகப்பனாருக்கு அப்படிக் கேட்கக் கற்றுக்கொடுத்ததில் நமக்கும் பங்கிருக்கிறது.

அவர் பிள்ளையைப் பற்றி நமக்குத் தெரிந்ததையும் எழுதிவிடுகிறோம். முதல் மாதம் எவரேனும் மேலே ஏறினால் கண்ணை இறுக மூடிக்கொள்வான். எட்டாவது மாதம், தன்னைவிடப் பெரிய மாணவர் நெஞ்சின் மீது அமர்ந்திருக்க, கண்ணைத் திறந்துகொண்டு நிதானமாக மூச்சுவிட்டபடி ஒரு முழங்கையை உள்ளே நுழைத்து, இடுப்பை நகர்த்தி, வெளியே வந்தான். தன்னைவிடச் சிறிய பிள்ளை ஒருவன் தட்டியபோது, பாதித் தட்டிலேயே பிடியை விட்டான். இவற்றுக்கு எந்த நிறமும் இல்லை. அவன் வீட்டில் சொல்லியிருக்கவும் மாட்டான்.

ஆகவே அந்தச் சகோதரரிடம் ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை மாலை மஃக்ரிபுக்கு முன் அந்த மாடிக்குப் பிள்ளையுடன் வாருங்கள். சுவரோரமாக உட்கார்ந்து ஒரு சுற்றுப் பாருங்கள். விருப்பமிருந்தால் நம்மோடு ஒரு சுற்று அமரலாம். உங்கள் அளவுக்குச் சலவை செய்த சட்டை ஒன்று அங்கே கூடுதலாக இருக்கிறது. கை, கால் நகங்களை மட்டும் வெட்டிக்கொண்டு வாருங்கள்.