கருவிகள் எழுதும் குறிமொழி

வலைப்பக்கத்தின் தோற்றத்தைத் திரையில் வரைந்து காட்டினால், அதற்குரிய எச்.டி.எம்.எல். குறிமொழியைத் தாமே எழுதித்தரும் வடிவமைப்புக் கருவிகள் பல இந்நாளில் வழங்குகின்றன. கையால் எழுதும் சிரமம் குறைந்தது, நன்றே. ஆயினும், அவை எழுதியதைத் திறந்து படிப்போர்க்கு அயர்ச்சியே மிஞ்சுகின்றது.

ஓர் உதாரணம் கூறுவோம். ஒரு பெட்டியின் நாற்புறமும் 10 பிக்சல் இடம் விடுவதற்குச் சி.எஸ்.எஸ். மொழியில் ஒரு வரியே போதும். சில கருவிகளோ மேல், வலம், கீழ், இடம் என 4 வரிகள் எழுதும். வெண்ணிறத்தைக் குறிக்க 3 எழுத்துப் போதுமாயிருக்க 6 எழுத்து இடும். ஒரு சிறு தலைப்பைத் தாங்கப் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கும்.

இக்குறை கருவி இயற்றினோர் அறியாததன்று. வேர்டு செயலியில், தேவையற்ற குறிகளை வடிகட்டி வலைப்பக்கமாகச் சேமிக்கும் வகை தனியே உளது. வேர்டு எழுதியதைத் துப்புரவு செய்தற்கென்றே டிரீம்வீவரில் ஒரு கட்டளை அமைந்தது. குப்பையிட்டுப் பின் பெருக்குவதினும், இடாதிருத்தல் நன்றன்றோ?

‘அனுப்புங்கால் ஜிஸிப் முறையாற் சுருங்கிவிடுமே, கவலை எதற்கு?’ என்பர் சிலர். வழியிற் சுருங்குவது மெய்யே. ஆயினும் போய்ச் சேர்ந்தபின் உலாவி அதனை விரித்து, ஒவ்வொரு பெட்டியையும் நினைவகத்தில் அமைத்தே தீரவேண்டும். விலை குறைந்த கைப்பேசி அச்சுமையால் தடுமாறும். அன்றியும், பின்னாளில் அப்பக்கத்தைத் திருத்த வருபவர் பெரும்பாலும் எழுதியவரல்லாத வேறொருவர். அவர் படிக்கவேண்டுவது விரிந்த உருவையே.

நாம் வேண்டுவது இடைவெளிகளை நீக்கி எழுத்துகளை நெருக்கும் சுருக்கமன்று. அது இயந்திரத்திற்கு உதவும், மனிதர்க்கு உதவாது. சொல்லவேண்டாததைச் சொல்லாமையே நாம் வேண்டும் சுருக்கம். இயல்பாகவே அமைந்த மதிப்பைக் கருவி மீண்டும் எழுதாதொழிக. நான்கும் ஒன்றாயின் ஒன்றென எழுதுக. பன்முறை வரும் பாணிக்கு ஒரு பெயரிட்டு ஒருமுறையே எழுதுக.

இதனால் மாணாக்கர்க்கு வரும் கேடு ஒன்றுண்டு. கருவி எழுதியதையே பார்த்துக் கற்போர், அதுவே முறையென்று கொள்வர். ஆதலின், கருவியைத் தெரிந்தெடுப்போர் திரையின் அழகை மட்டும் நோக்காது, பின்னுள்ள எழுத்தையும் திறந்து பார்ப்பாராக. நம் மாணாக்கருள் நாளை இத்தகைய கருவிகளை இயற்றப் போவோர், பின்வருவோர் படித்துணருமாறு அவற்றை எழுதச்செய்தல் கடன் என்பதே எமது துணிபு.